தெரியாதவரை நிறுத்திப் படம் எடுக்க, கேட்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

நீங்கள் கேட்டது இது: ஞாயிற்றுக்கிழமைகளில் 50 மி.மீ. லென்ஸோடு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்கா பக்கம் போகிறீர்கள். முன்பின் தெரியாதவர்களின் முகங்களை எடுக்க ஆசை, ஆனால் போய்க் கேட்கத் தயக்கம். துணிந்து கேட்டு எடுத்த சில படங்களும் அடையாள அட்டைப் படம் மாதிரி விறைப்பாக வந்திருக்கின்றன. பேசாமல் கேட்காமலே எடுத்துவிட்டால் சட்டப்படி தவறா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயக்கம், விறைப்பு, சட்டம் என்று மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும், முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் சரி என்று சொன்ன பிறகு எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது, கேமராவை எப்படி வைப்பது என்று எதையும் முடிவு செய்யாமல் போய்க் கேட்கிறீர்கள். அதனால் கேட்கும்போதே குரல் தடுமாறுகிறது. அவர் சம்மதித்த பிறகு நீங்கள் டயலைத் திருகிக்கொண்டு நிற்க, அவர் முகம் இறுகிவிடுகிறது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிங்கப்பூரில் பொது இடத்தில் இருக்கும் ஒருவரைப் படம் எடுக்க அவருடைய அனுமதி கட்டாயம் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த விருப்பத்துக்காகப் படம் எடுக்கும் தனிமனிதர்மீது அந்தக் கடமையைச் சுமத்துவதில்லை. இது உறுதி. சில தடைகளும் அதே அளவுக்கு உறுதியானவை. ஒருவரின் அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாக எடுப்பது 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். விடாமல் பின்தொடர்ந்து, அவர் கலங்கும்படி எடுத்துக்கொண்டே இருந்தால் 2014ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் குறுக்கே வரலாம். பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை மாட்டியிருக்கும் வளாகங்களைப் படம் எடுக்கக்கூடாது. கடைத்தொகுதி, கோயில், ஊழியர் தங்கும் விடுதி போன்றவற்றில் இடத்துக்குப் பொறுப்பானவர் சொல்வதே விதி. இனி, சந்தேகத்துக்கு இடமானவை. உங்கள் பொழுதுபோக்கு எந்தக் கட்டத்தில் வியாபாரம் ஆகிறது, காப்பிக்கடை போன்ற இடம் எந்த அளவுக்குப் பொது இடம் என்பதெல்லாம் சூழ்நிலையைப் பொறுத்தது. படத்தை விற்கவோ விளம்பரத்துக்குத் தரவோ போகிறீர்கள் என்றால் வழக்கறிஞரைக் கேளுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. எப்படியிருந்தாலும், சட்டம் தடுக்கவில்லை என்பதால் முகப்படம் கிடைத்துவிடாது. அதற்கு அவர் உங்கள் முன் நின்று, உங்களைப் பார்த்து, ஓரிரு நிமிடம் தர வேண்டும். ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பதற்கு முன் வெளிச்சத்தைத் தேடுங்கள். ஆளைப் பார்த்துவிட்டு அவருக்கு வெளிச்சம் தேடுவதைவிட, வெளிச்சத்தைப் பிடித்துவிட்டு அங்கே வருகிற ஆளைக் கேட்பது பல மடங்கு சுலபம். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். பிற்பகல் 1 மணியை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு வருகிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே. அந்த வெளிச்சத்தில் கண்குழி இருண்டு, மூக்கின் கீழே கறுப்பு விழும். மேகம் மூடினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மேகமூட்டத்திலும் வெளிச்சத்தின் பெரும்பகுதி மேலிருந்துதான் வருகிறது; நிழலின் ஓரம் மென்மையாகுமே தவிர, கண்குழி இருட்டு போகாது. மேலே ஒரு கூரை வேண்டும், பக்கத்தில் திறந்த வானம் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் நம் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை. முகப்படத்துக்கென்றே கட்டியதுபோல அமைந்த இடம் அது. டன்லப் ஸ்திரீட், கேம்பல் லேன், பஃப்ளோ ரோடு என எங்கு போனாலும் தூண்களும் நிழலும் தயாராக இருக்கின்றன.

நிறுத்தும் முறை இது. நடைபாதையின் வெளி ஓரத்திலிருந்து அரை மீட்டர் உள்ளே, தூணை ஒட்டி அவர் நிற்கட்டும். உடல் நடைபாதையின் போக்கிலேயே இருக்க, முகத்தை மட்டும் தெருப்பக்கம் 45 பாகை அளவு திருப்பச் சொல்லுங்கள். நீங்களும் நடைபாதைக்குள்ளேயே நிற்பீர்கள், சாலையில் இறங்க வேண்டியதில்லை. தெருப்பக்கக் கன்னம் வெளிச்சமாகவும் கடைப்பக்கக் கன்னம் ஓரளவு இருளாகவும் விழும். முகத்துக்கு உருவம் வரும். பின்னால் நீண்டு போகும் நடைபாதையின் இருட்டே பின்னணி. ஒரு மீட்டர் அதிகமாக உள்ளே போய்விட்டால் வெளிச்சம் சட்டென்று குறையும், கடையின் குழல்விளக்குப் பச்சை முகத்தில் ஏறும். ஓரத்துக்கே வந்துவிட்டால் நெற்றியில் மட்டும் வெயில் அடித்து வெளுத்துவிடும். இருக்கும் இடம் சரிதானா என்று பார்க்க உங்கள் உள்ளங்கையை முகம் வரப்போகும் உயரத்தில் நீட்டி மெதுவாகத் திருப்புங்கள். எந்தக் கோணத்தில் விரல்களின் நிழல் இதமாக விழுகிறதோ அதுதான் முகத்தின் கோணம். எதிரே என்ன நிறம் இருக்கிறது என்றும் பாருங்கள். கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியா வீடு மாதிரி பல வண்ணச் சுவருக்கு எதிரில் நிறுத்தினால் அந்த வண்ணமெல்லாம் கன்னத்தில் ஏறும். நீலத் தார்ப்பாய்க்கும் கடைக்குடைக்கும் இதே கதி. இப்படி ஏறும் நிறத்தைப் பிறகு கணினியில் முழுமையாக எடுக்க முடியாது, ஏனென்றால் அது முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். நேரத்தைப் பொறுத்தவரை மாலை 5 மணியிலிருந்து ஏறத்தாழ 6.45 வரை நல்லது. சூரியன் ஏழு மணியை ஒட்டி மறைந்த பிறகு இருட்டு மிக வேகமாக வரும். அந்தி நீளும் என்று காத்திருக்காதீர்கள்.

கேமராவையும் கேட்பதற்கு முன்பே அமைத்து முடியுங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய உணரி கொண்ட) கேமராவில் 50 மி.மீ. லென்ஸை நிலைக்குத்தாகப் பிடித்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் படத்துக்குள் வரும், அதாவது தலை முதல் இடுப்பு வரை. அதே தூரத்தில் 85 மி.மீ. தலையையும் தோளையும் தரும், 35 மி.மீ. முழங்கால் வரை தரும். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்க 50 மி.மீ. லென்ஸோடு அரை மீட்டருக்குப் போகாதீர்கள். மூக்கு பெரிதாகி, காது பின்வாங்கிவிடும். அந்த நெருக்கத்தில் எவரும் இயல்பாகவும் இருக்க மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 2.8 வைத்தால் அந்த ஒன்றரை மீட்டரில் கிட்டத்தட்ட 15 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். மூக்கு நுனியிலிருந்து காது வரை அதில் அடங்கும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து வைத்தால் தெளிவு மூன்றரை செ.மீ. கூட இருக்காது. ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கும், அவர் மூச்சு விட்டு அசைந்தாலே இரண்டும் போய்விடும். பின்னணியைக் கரைக்கும் ஆசையில் பலர் இங்கேதான் படத்தை இழக்கிறார்கள். ஷட்டர் 1/250 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கியாக 6400 வரை, ஃபோகஸ் கண்ணைத் தேடும் முறையில், கோப்பு ரா (கேமரா பதித்த மூலத் தரவு) வடிவில். இரவில் கடைவிளக்கின் கீழ் எடுத்தால் மட்டும் ஷட்டரை 1/100 விநாடிக்குக் குறையுங்கள். இங்கே மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. வேகமான ஷட்டர் அந்தத் துடிப்பைப் பட்டைபட்டையாகப் பிடித்துவிடும்.

நம் மக்களின் தோல் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதை அலட்சியப்படுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கேமராவின் வெளிச்ச அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். கருமையான முகம் படச்சட்டத்தை நிறைத்தால் அதைத் தேவைக்கு மேல் வெளிறச் செய்யும். தோலின் ஆழம் போய்ச் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். அப்போது வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மூன்றில் இரண்டு படி குறையுங்கள். அதே முகத்தின் பின்னால் வெயிலடிக்கும் தெரு இருந்தால் நேர்மாறாக, முகம் கறுத்துக் கண் தெரியாமல் போகும். அப்போது ஒரு படி கூட்டுங்கள், அல்லது கன்னத்தில் மட்டும் அளந்து பூட்டுங்கள். நெற்றியில் திருநீறு இருந்தால் அதுதான் முதலில் வெளுக்கும், குங்குமம் இருந்தால் சிவப்பு மட்டும் நிரம்பித் திட்டாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது, சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் வகையைப் பாருங்கள். கருந்தோலுக்கு அழகு தருவது அதன்மேல் விழும் பளபளப்புதான். பக்கவாட்டிலிருந்து வரும் அகலமான வெளிச்சம் கன்னத்து எலும்பில் ஒரு மென்மையான ஒளிக்கோடு போடும், அதைக் காப்பாற்றுங்கள். வியர்வைத் துளிகளின் புள்ளி மினுமினுப்பு வேறு. அதற்குப் பையில் மெல்லிய காகிதத்தாள் வைத்திருந்து, துடைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் போதும். கைபேசியில் எடுப்பவர்கள் அழகூட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும். பல கைபேசிகளில் அது சுருக்கங்களை அழிப்பதோடு நிற்காமல் நிறத்தையும் வெளுக்க வைக்கிறது. ஒருவர் தன் முகத்தை நம்பித் தந்திருக்கும்போது அதைக் கேட்காமல் மாற்ற நமக்கு உரிமை இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு ஆளைத் தேடுங்கள். நடந்து போகிறவரைவிட நிற்பவரைக் கேளுங்கள். நண்பருக்காகக் காத்திருப்பவர், கடை வாசலில் ஓய்வாக நிற்பவர். சாப்பிடுபவரையும், கும்பிடுபவரையும், பணம் அனுப்பும் கடை வரிசையில் நிற்பவரையும் விட்டுவிடுங்கள். பூக்கடைக்காரர்களுக்குக் காலையும் மாலையும் கை ஓயாது. மதியம் இரண்டரைக்குப் பிறகு போனால் பேச நேரம் இருக்கும். தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டு முருகன் கோயிலுக்கு நடந்து வரும் காவடிக்காரரை வழியில் நிறுத்தவே கூடாது. காவடி இறக்கி, உடன் வந்தவர்கள் தண்ணீர் கொடுத்து, அவர் இயல்புக்கு வந்த பிறகு அவரிடமே கேட்கலாம்.

கேட்கும்போது முன்பக்கமாக, கேமரா கண்ணுக்குத் தெரியும்படி கீழே தொங்க, இரண்டு கை தூரத்தில் நின்று பேசுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். வெறுமனே "படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் எதற்கு, எங்கே, எவ்வளவு நேரம் என்ற மூன்று சந்தேகமும் அவருக்குள் எழும், வேண்டாம் என்பதே எளிய பதிலாகிவிடும். மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, வணக்கம். நான் தேக்காவுல மக்களோட முகங்களைப் படம் எடுத்துக்கிட்டு இருக்கேன். உங்க மீசை ரொம்ப எடுப்பா இருக்கு. அந்தத் தூண் பக்கத்துல வெளிச்சம் நல்லா விழுது, ரெண்டு நிமிஷம் நிக்க முடியுமா? படத்தை உங்களுக்கே அனுப்பிடுறேன்." அவரிடம் நீங்கள் கண்ட ஒன்றைக் குறிப்பாகச் சொல்வது முக்கியம், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். வயதானவரை ஐயா, அம்மா என்றும், சீனப் பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றும், மலாய்ப் பெரியவர்களைப் பாக் சிக், மாக் சிக் என்றும், பங்களாதேஷ் ஊழியரைப் பாய் என்றும் அழைத்தால் அந்நியம் பாதி குறையும். மறுத்தால் "பரவாயில்லைண்ணே, நன்றி" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். ஒரு தடவைக்கு மேல் கேட்காதீர்கள், தள்ளிப் போய்த் தூரத்திலிருந்து எடுக்கவும் செய்யாதீர்கள்.

சம்மதம் கிடைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலானோரின் பொறுமை இரண்டு நிமிடம்தான், நண்பர்கள் கூடிவிட்டால் அதுவும் இல்லை. இடத்தைக் கையால் காட்டி, நீங்களே ஒரு நொடி நின்று காட்டுங்கள். சொல்வதைவிட அது வேகம். எடையை ஒரு காலில் போடச் சொன்னால் தோள் தானாகத் தளரும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: குடை, பை, அவர் தொழிலின் கருவி எதுவானாலும் சரி. முதல் இரண்டு மூன்று படங்களில் வருவது அவர் கேமராவுக்கென்று வைத்திருக்கும் முகம். அதையும் எடுங்கள், அவருக்குப் பிடித்தது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். பிறகு கேமராவைக் கண்ணிலிருந்து சற்று இறக்கி, அவர் யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய ஒன்றைக் கேளுங்கள்: ஊரில் எந்தப் பக்கம், இந்த வேலையை யாரிடம் கற்றார். பேசும்போது எடுத்தால் வாய் கோணும். பேசி முடித்து உதடு மூடி, கண் இன்னும் அந்த நினைவில் இருக்கும் நொடியில் அழுத்துங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள், சிரிக்காதே என்றும் சொல்லாதீர்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு படங்களோடு நிறுத்திவிடலாம். மார்பளவுப் படத்துக்கு லென்ஸ் கண் உயரத்திலும், இடுப்பு வரையிலான படத்துக்கு நெஞ்சு உயரத்திலும் இருக்கட்டும்; உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்றால் நீங்கள்தான் குந்த வேண்டும். மூக்குக்கண்ணாடியில் வானம் தெரிந்தால் கண்ணாடியின் காதுப்பகுதியை ஒரு விரல் அளவு மேலே தூக்கச் சொன்னால் மறையும். தொப்பியின் நிழல் கண்ணை மறைத்தால், அதைக் கழற்றச் சொல்வதற்கு முன் சற்றே பின்னால் தள்ளச் சொல்லிப் பாருங்கள். ஏ3 அளவு வெள்ளை அட்டை ஒன்றை அவரே நெஞ்சளவில் பிடித்துக்கொண்டாலும் கீழிருந்து வெளிச்சம் எழும்பும்.

இடையில் சிலருக்குச் சட்டென்று மூக்கு, கன்னமெல்லாம் பனிமூட்டம் போட்டதுபோல் படம் வரும். குளிரூட்டிய ரயிலிலிருந்து இறங்கி நேராகத் தெருப் புழுக்கத்துக்கு வந்ததும் லென்ஸில் ஈரம் படிவதால் அது. துடைத்தால் மறுபடி படியும். ரயிலில் இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடி, இறங்கிய பிறகு இருபது முப்பது நிமிடம் பையிலேயே வெப்பத்துக்குப் பழகவிடுங்கள். வெளிச்சம் தேடி நடப்பதற்கு அந்த நேரம் சரியாக இருக்கும்.

வேலை அனுமதியில் வந்திருக்கும் ஊழியர்கள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவில் நீங்கள் சந்திக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். படம் முதலாளி கண்ணில் பட்டால் என்னாகும் என்ற பயம் பலருக்கு இருக்கும், ஆனாலும் மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே தலையாட்டலை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படம் எடுப்பது, இணையத்தில் போடுவது, பெயர் எழுதுவது, விற்பது ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதுக்குச் சரி என்று சொல்லி இரண்டாவதுக்கு வேண்டாம் என்பவர் நிறைய. நிறுவனச் சின்னம் போட்ட சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, லாரி எண் எதுவும் படத்தில் வராமல் பாருங்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடம் கேட்டபிறகே எடுக்கலாம், பள்ளிச் சீருடையில் எடுத்து இணையத்தில் போடவே வேண்டாம். யாராவது பிறகு மனம் மாறி அழிக்கச் சொன்னால், சட்டம் பேசாமல் அவர் கண்முன்னேயே அழியுங்கள். கேமராவில் இரண்டாவது நினைவக அட்டை இருந்தால் அதிலும்.

படத்தைக் கொடுப்பதாகச் சொன்னால் அன்றிரவே கொடுத்துவிடுங்கள். அவரை உங்கள் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வணக்கம் அனுப்பச் சொல்லி, அந்த இடத்திலேயே படத்தின் கோப்பு எண்ணைப் பதிலாகத் தட்டிவிட்டால் யாருக்கு எது என்ற குழப்பம் வராது. சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். கையடக்க அச்சுப்பொறியில் அங்கேயே எடுத்துத் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி அச்சு இன்னும் நல்லது: 62க்கு 46 மி.மீ. படம், ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும், ஊருக்கு எடுத்துப் போகலாம். சிலர் ஒன்றுக்கு மூன்று கேட்பார்கள், கொடுங்கள்.

படத்தின் கீழே என்ன எழுதுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் லாம்பர்ட் போன்ற ஐரோப்பியப் படக்கூடங்கள் இங்குள்ள மக்களை இனவாரியாக, தொழில்வாரியாக எடுத்து விற்றன. அவற்றில் பலவற்றில் இருப்பவர் யாரென்று இன்று எவருக்கும் தெரியாது. "இந்திய ஊழியர்" என்று மட்டும் எழுதினால் நாமும் அதையே தொடர்கிறோம். அவர் அனுமதித்தால் பெயரை அவர் சொன்ன உச்சரிப்பில் எழுதுங்கள். அனுமதிக்காவிட்டால் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை, அதையும் அவரிடம் கேட்டு, எழுதலாம். "உழைத்துக் களைத்த முகம்", "ஏக்கம்" என்று நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம். அவர் நண்பரின் வருகைக்காகச் சும்மா நின்றிருக்கலாம். பின்னாளில் யாராவது படத்தை விலைக்குக் கேட்டால், உங்களிடம் இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிட்டு, எங்கே, எதற்கு, எவ்வளவு என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் எண் மாறிப்போய்க் கிடைக்காவிட்டால் விற்காதீர்கள்.